எட்டு பவுண்ட் அவமானம்

கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் இரண்டு ரகம். மீன் கிடைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்று போகிறவர்கள் முதல் ரகம். வீட்டை அடகு வைத்தாவது ஒரு மீனைப் பிடித்தே தீருவது என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவது ரகம். நமக்கு இன்றைக்கு இரண்டாவது ரகத்தோடுதான் வேலை.

இவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே பிளான் போடுவார்கள். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் ஒரு தீவைக் கண்டுபிடிப்பார்கள். மூன்று விமானம் மாறி, படகு ஏறி, காலையில் குடித்த காபியைக் கடலுக்குக் காணிக்கை செலுத்தி, நாற்காலியில் பெல்ட் மாட்டிக்கொண்டு, தன்னைவிட நாலு மடங்கு எடையுள்ள ஒரு ஜீவனோடு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் போட்டோ எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். மீன் எங்கே என்று கேட்டால் கோபம் வரும். அதான் போட்டோ இருக்கிறதே!

சரி, எந்தத் தீவுக்குப் போவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? நீரோட்டம், நிலா, சீசன் என்று என்னென்னவோ சொல்வார்கள். நம்பாதீர்கள். நூறு வருடக் கதையைப் புரட்டினால் ஒரே ஒரு காரணம்தான் அகப்படுகிறது. தனக்குத் தெரிந்த எவனோ ஒருவன் தன்னைவிடப் பெரிய மீனைப் பிடித்துவிட்டான்.

இந்தக் கூத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர். எழுத்தாளர், இயற்கை ஆராய்ச்சியாளர், கலிபோர்னியாவில் செட்டிலான கனவான். 1898 ஜூன் 1 அன்று சான்டா கேடலினா தீவுக்குப் பக்கத்தில், தூண்டில் கோலும் ரீலும் வைத்து 183 பவுண்ட் சூரை மீன் ஒன்றைப் பிடித்தார். நம் கணக்கில் 83 கிலோ. முள் குத்தியதும் மீன் என்ன செய்தது? படகையும் ஹோல்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மைல்கணக்கில் ஓடியது. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது சுமார் நாலு மணி நேரத்துக்கு யாருக்குமே தெளிவாகவில்லை.

அதற்கு முன்பும் அங்கே மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தடித்த கயிறு, பெரிய முள், கையால் இழு, கரையில் போடு. தீர்ந்தது வேலை. ஹோல்டருக்கு இது மகாபாவமாகப் பட்டது. மீனுக்கும் ஒரு சான்ஸ் கொடுக்க வேண்டாமா? அதே வருடம் அந்தத் தீவிலுள்ள அவலான் ஊரில் 'டூனா கிளப்' ஆரம்பித்தார். மெல்லிய லினன் நூல்தான் பயன்படுத்தலாம். இன்னொருவர் கை வைக்கக் கூடாது. கோல் ஒடிந்தால் மீன் செல்லாது. நூறு பவுண்டுக்கு மேல் சூரை பிடித்தவருக்குக் கோட்டில் குத்திக்கொள்ள ஒரு நீல பட்டன். ஐந்து நிமிட வேலையை நாலு மணி நேர வேலையாக்கி, அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்தார்கள். மீனின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிளப்பில் அப்படி ஒரு கௌரவம் கிடைக்க வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்தவர்கள் உண்டு. 1929இல் வின்ஸ்டன் சர்ச்சில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு நடுவே கேடலினாவுக்கு வந்தார். கடலுக்குப் போனார். 188 பவுண்ட் மார்லின் ஒன்றைச் சுமார் இருபது நிமிடத்தில் தூக்கிவிட்டு (மார்லின் என்பது மூக்கில் ஈட்டி வைத்த மீன், நம் ஊர் மயில்மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்) அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்று ராத்திரி கிளப்பில் எத்தனை பேருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

இனி நம் கதாநாயகர். பெயர் ஸேன் கிரே. தொழில், நம்புங்கள், பல் டாக்டர்.

நியூயார்க்கில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் கௌபாய் நாவல் எழுத வந்தார். 1912இல் 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' வெளியானது. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்காவின் பணக்கார எழுத்தாளர்களில் ஒருவராகிவிட்டார். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் என்று எழுதிச் சம்பாதித்த பணம் அத்தனையும் தண்ணீரில் போயிற்று. நிஜமான தண்ணீரில்.

1920இல் கேடலினா பக்கம் 418 பவுண்ட் வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். வாள்மீன் லேசில் மாட்டாது, மாட்டினாலும் லேசில் வராது. கிரே ஊரெல்லாம் சொன்னார். எழுத்தாளர் வேறு, சொல்வதோடு நிற்பாரா? இதற்கு எப்பேர்ப்பட்ட உடம்பு வேண்டும், எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் வேண்டும் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். அடுத்த வருடம் திருமதி கீத் ஸ்பால்டிங் கடலுக்குப் போனார். காற்றடித்தால் பறந்துவிடுவார் போன்ற சின்ன உருவம். 426 பவுண்ட் வாள்மீனோடு திரும்பி வந்தார்.

எட்டு பவுண்ட்! பிறந்த குழந்தையின் எடை. கிரேயால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்மணி தனியாக இதைப் பிடித்திருக்கவே முடியாது, யாரோ கை கொடுத்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுவிட்டார். கனவான்களின் கிளப் அல்லவா, மன்னிப்புக் கேளுங்கள் என்றது. கிரே கிளப்பைவிட்டு வெளியேறியதில் விவகாரம் முடிந்தது. ஊரைவிட்டும் போனாரா? எதற்கு? சில வருடம் கழித்து, 1926இல், அவலான் துறைமுகத்தைக் குனிந்து பார்க்கும் குன்றின் மேல் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டார். கிளப்காரர்கள் தலையை நிமிர்த்தினால் அவர் வீடு தெரிய வேண்டும்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு பயலும் ரீல் போடாத கடல் எங்காவது வேண்டும். சாதாரண மனிதன் என்றால் டிக்கெட் எடுப்பான். கிரே கப்பல் எடுத்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றை விலைக்கு வாங்கி, 'ஃபிஷர்மேன்' என்று பெயர் மாற்றி, 1925இல் கலாபகஸ் தீவுகள் வரை போய் வந்தார். அதே தீவுகளைப் பார்த்த டார்வினுக்கு, உயிர்கள் எப்படி மாறி மாறி வந்தன என்ற யோசனை பிறந்தது. கிரேக்கு அந்த மாதிரிச் சில்லறைச் சந்தேகங்களுக்கெல்லாம் நேரமில்லை.

இத்தனைக்கும் பணம் வர வழி செய்தது யார்? வீட்டிலிருந்த மனைவி டாலி. கையெழுத்துப் பிரதியைத் திருத்துவார். பத்திரிகைகளோடும் பதிப்பாளர்களோடும் பேரம் பேசுவார். பிள்ளைகளை வளர்ப்பார். கணவர் மாதக்கணக்கில் கடலில் இருப்பார், இளம்பெண் 'செக்ரட்டரி'கள் சகிதம். டாலிக்கு எல்லாம் தெரியும். ஒப்பாரி வைக்கவில்லை; வருமானத்தில் ஆளுக்குப் பாதி என்று ஏற்பாடு செய்துகொண்டார். அந்தக் குடும்பத்தில் உருப்படியாக மீன் பிடித்தவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

1926 தொடக்கத்தில் நியூஸிலாந்துப் பயணம். அந்த நாட்டு அரசாங்கமே அழைத்திருந்தது. பிரபல எழுத்தாளர் வந்தால் டூரிஸம் வளருமே. பே ஆஃப் ஐலண்ட்ஸில் உருபுகாபுகா தீவில் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்) முகாம் போட்டார். வந்த கையோடு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி குறை சொல்ல ஆரம்பித்தார். ரீலைக் கோலுக்கு அடியில் மாட்டுகிறீர்களே, மேலே அல்லவா மாட்ட வேண்டும்? மூன்று முள் சேர்ந்த கொக்கியா? சீச்சீ, அநாகரிகம்! உள்ளூர்க்காரர்களுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை காலம் இப்படித்தான் பிடிக்கிறோம், ஒரு மீனும் கம்ப்ளெயின்ட் பண்ணவில்லையே!

தனியாகப் போனால் கைதட்ட ஆள் வேண்டாமா? லாரி மிட்செல் என்ற கேப்டன் நண்பரைக் கூட அழைத்துப் போயிருந்தார் கிரே. நல்ல மனுஷர். அந்த நல்ல மனுஷர் ஒருநாள் 976 பவுண்ட் கறுப்பு மார்லினோடு கரைக்கு வந்தார். 443 கிலோ. உலக சாதனை! பிளான் போட்டது யார், பேப்பரில் பேசியது யார், அரசாங்க விருந்தாளி யார்? தராசு இதையெல்லாம் கேட்பதில்லை. இந்த முறை அவமானம் எட்டு பவுண்டோடு நிற்கவும் இல்லை.

ஊர் திரும்பியதும் புத்தகம் எழுதினார். நியூஸிலாந்தைத் தூண்டில்காரர்களின் எல்டொராடோ என்று தலைப்பிலேயே புகழ்ந்தார். விளைவு என்ன ஆகும்? காசுள்ள தூண்டில்காரர்களெல்லாம் அந்தப் பக்கம் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஆளரவமில்லாத இடத்தைக் கண்டுபிடித்து, உலகத்துக்கே தண்டோரா போட்டு, பிறகு கூட்டம் ஜாஸ்தி என்று அலுத்துக்கொள்ளும் கலையை யூடியூப் வருவதற்கு எண்பது வருடம் முன்பே மனுஷர் கற்றுத் தேர்ந்திருந்தார்.

அடுத்தது டஹிட்டி. 1930இல் அங்கேதான் அவர் வாழ்நாள் மீன் மாட்டியது. பசிபிக் மார்லின், படகுக்கு இணையாக நீளம். மணிக்கணக்காகப் போராட்டம். கரைக்கு வரும் வழியிலேயே சுறாக்கள் வந்து வால் பக்கம் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. அவை தின்றது போக மிச்சத்தைத் தராசில் ஏற்றினார்கள். 1,040 பவுண்ட்! தூண்டில் கோலில் ஆயிரம் பவுண்டைத் தாண்டிய முதல் மீன். சுறா தின்ற பங்கு இன்னும் இருநூறு பவுண்டாவது இருக்கும் என்றார் கிரே. சுறாக்கள் மறுக்கவில்லை.

1939இல் மைக்கேல் லெர்னர் என்ற செல்வந்தர் முன்னின்று, சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தைத் தொடங்கினார். இனி உலக சாதனையெல்லாம் ஒரே சட்டத்தில். அந்தச் சட்டத்தில் ஒரு வரி: சுறா கடித்துக் குதறிய மீன் செல்லாது. கிரேயின் ஆயிரத்து நாற்பது அம்பேல். அதே வருடம் அவரும் காலமானார்.

அந்தச் சங்கத்தின் ஆரம்பகாலத் துணைத் தலைவர்களில் ஒருவர் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அட, சட்டம் போடுவதற்கு எப்பேர்ப்பட்ட ஆள்!

1934இல் ஹெமிங்வே 'பிலார்' என்று 38 அடிப் படகு வாங்கினார். விலை சுமார் 7,500 டாலர். அதில் ஒரு பகுதி, இன்னும் எழுதாத கட்டுரைகளுக்காக 'எஸ்குயர்' பத்திரிகை கொடுத்த அட்வான்ஸ். எழுதி அச்சேறிய கட்டுரைக்கே செக் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வர்க்கம் இந்த வரியை இரண்டு முறை படித்துப் பெருமூச்சு விட அனுமதியுங்கள்.

1935 ஏப்ரலில் படகு பிமினிக்குப் புறப்பட்டது. பஹாமாஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு துணுக்கு அது. பெரிய பெரிய சூரையும் மார்லினும் பக்கத்திலேயே நீந்துகின்றன என்று காற்றுவாக்கில் செய்தி. போகிற வழியில் சுறா ஒன்று மாட்டியது. ஹெமிங்வே ஒரு கையால் கொக்கி கட்டிய கம்பைப் போட்டு அதைப் படகோரம் இழுத்தார். இன்னொரு கையில் பிஸ்டல். சுறா ஒரு உலுக்கு உலுக்கியது. கம்பு படீரென்று ஒடிந்து கையில் அடித்தது. பிஸ்டல் வெடித்தது. குண்டு படகின் பித்தளை விளிம்பில் பட்டுத் தெறித்து, ஹெமிங்வேயின் இரண்டு கால்களிலும் பாய்ந்தது. குறி பார்த்துச் சுட்டால்கூட இப்படி அமையாது! படகில் இருந்த எழுத்தாளர் டாஸ் பாஸோஸின் மனைவி கேட்டி கோபத்தில் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். ஹெமிங்வே கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தார். சுடப்பட்டதைப் பற்றி எஸ்குயருக்கு எழுதினார். அட்வான்ஸில் ஒரு கட்டுரை கழிந்தது.

கால் ஆறுவதற்குள் மறுபடி கிளம்பி, பிமினிக்குப் போயே விட்டார். அங்கே நண்பரும் ஓவியருமான ஹென்றி ஸ்ட்ரேட்டருக்கு ராட்சச மார்லின் ஒன்று மாட்டியது. கவனியுங்கள், ஹெமிங்வேக்கு அல்ல, நண்பருக்கு. மனுஷர் இழுத்து இழுத்துப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். சுறாக்கள் தலைகாட்டின. உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஹெமிங்வே தாம்ஸன் மெஷின் துப்பாக்கியை எடுத்துத் தண்ணீரில் சரமாரியாகச் சுட்டார். சுட்டால் ரத்தம். ரத்தம் வந்தால்? வட்டாரத்திலுள்ள மிச்சச் சுறாக்களுக்கெல்லாம் அழைப்பிதழ் போய்ச் சேர்ந்தது. கரையில் தொங்கவிட்டபோது மீனின் பின்பாதியில் எலும்புதான் பாக்கி. அப்படியும் 500 பவுண்ட் இருந்தது. பிறகு போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அந்த மீனோடு சொந்தம் கொண்டாடிக்கொண்டு நிற்பவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஸ்ட்ரேட்டருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். கியூபாவில் குடியிருந்த ஹெமிங்வேக்கு 1942இல் நாட்டுப்பற்று பொங்கியது. பிலாரில் மெஷின் துப்பாக்கியும் கையெறிகுண்டும் ஏற்றி, ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடுகிறேன் என்றார். திட்டம் எளிது: நீர்மூழ்கி மேலே வரும், மீன்பிடிப் படகுதானே என்று பக்கத்தில் வரும், மூடியைத் திறந்து குண்டைப் போட்டுவிட வேண்டியது! அமெரிக்கத் தூதரகம் இதற்குத் தலையாட்டியது, பெட்ரோலும் கிடைத்தது. மாதக்கணக்கில் ரோந்து. ஒரே ஒரு தடவை தூரத்தில் ஏதோ நீர்மூழ்கி மாதிரி தெரிந்தது, அதுவும் போய்விட்டது. போர் நிருபரான மனைவி மார்த்தா கெல்ஹார்ன் இதை நம்பவில்லை. ரேஷன் காலத்தில் மீன் பிடிக்கப் பெட்ரோல் வாங்கும் தந்திரம் என்றார். நிஜப் போரைப் பார்த்துவிட்டு வந்த அந்த அம்மாளுக்கு வித்தியாசம் தெரியாதா?

அதற்குள் கனவு ஊர் மறுபடி இடம் மாறிவிட்டது. பெருவின் வடக்குக் கரையில் காபோ பிளாங்கோ. குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் வெதுவெதுப்பான நீரோட்டமும் முட்டிக்கொள்ளும் இடம். நெத்திலி கூட்டம் கூட்டமாகக் கொழிக்கும். நெத்திலியைத் தின்று மார்லின் கொழிக்கும். அமெரிக்கப் பணக்காரர்கள் அங்கே ஒரு கிளப் கட்டினார்கள். சேருவதற்கே 10,000 டாலர் என்று சொல்வார்கள். 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்ஃபிரட் கிளாஸல் என்ற எண்ணெய்ச் சீமான் அங்கே 1,560 பவுண்ட் கறுப்பு மார்லினைப் பிடித்தார். 707 கிலோ! ஒரு மணி முக்கால் நேரப் போராட்டம். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. சுறா ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. மேலிருந்து ஸேன் கிரே பார்த்திருந்தால் மோட்சத்திலேயே ராஜினாமா கடிதம் கொடுத்திருப்பார்.

1956இல் ஹெமிங்வே காபோ பிளாங்கோவுக்கு வந்தார். அவர் எழுதிய 'கிழவனும் கடலும்' சினிமாவாகிறது; கிழவனாக ஸ்பென்சர் டிரேஸி. நிஜமான ராட்சச மார்லின் துள்ளுவதைப் படம் பிடிக்க வேண்டும், பொம்மை மீனெல்லாம் ஆகாது என்பது ஹெமிங்வேயின் கட்சி. கேமரா, படகு, ஆட்கள் என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலில் சுற்றினார்கள். மீன்கள் வந்தன. கதைக்கு வேண்டிய ஆயிரம் பவுண்ட் மீன் மட்டும் கால்ஷீட் தரவில்லை. 1958இல் படம் வந்தபோது, துள்ளியது கிளாஸல் மீன் பிடித்தபோது எடுத்து வைத்திருந்த பழைய பிலிம். மற்ற காட்சிகளில் நடித்தது ஸ்டுடியோ தொட்டியில் மிதந்த ரப்பர் மீன். உலகத்திலேயே புகழ்பெற்ற மீன் கதை எழுதியவருக்குக் கடைசியில் கிடைத்தது இரவல் மீனும் ரப்பர் மீனும்.

காபோ பிளாங்கோ என்ன ஆயிற்று? அறுபதுகளில் பெரு அந்த நெத்திலியை லட்சக்கணக்கான டன்னாக வாரி, மாவாக அரைத்து, கோழித் தீவனமாக ஏற்றுமதி செய்து உலகத்தில் முதலிடம் பிடித்தது. மார்லினுக்குச் சாப்பாடு போயிற்று என்கிறார்கள். அது வரவில்லை. மீன் வராத ஊருக்குக் கோடீஸ்வரர்கள் எதற்கு வரப்போகிறார்கள்? அறுபதுகள் முடியும்போது கிளப் காலியாகிவிட்டது. பத்தாயிரம் டாலர் கட்டிச் சேர்ந்த கனவைக் கோழிகள் கொத்தித் தின்றுவிட்டன.

கியூபாவில் ஹெமிங்வே பெயரிலேயே மார்லின் போட்டி நடந்துவந்தது. 1960 மே மாதப் போட்டிக்கு, ஆட்சியைப் பிடித்து ஒன்றரை வருடம்கூட ஆகாத ஃபிடல் காஸ்ட்ரோ வந்தார். சும்மா கோப்பை கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், தூண்டிலைக் கையில் எடுத்தார். தனிநபர் பிரிவில் முதல் பரிசும் அவருக்கே. நேர்மையாக ஜெயித்தார் என்றுதான் பதிவு. நானும் அப்படியே நம்புகிறேன். சுற்றி நின்றவர்களும் அன்றைக்கு உடனே நம்பியிருப்பார்கள். கோப்பையை எடுத்துக் கொடுத்தவர் ஹெமிங்வே. தன் பெயரிலுள்ள போட்டியில், தாடி வைத்த இன்னொருவருக்கு!

பிலாரைப் பல வருடம் ஓட்டிய கிரெகோரியோ ஃபுவென்டெஸ் இத்தனை ரகளையையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். 2002 வரை, 104 வயது வரை கோஹிமார் கிராமத்தில் வாழ்ந்தார். ஹெமிங்வே போன பிறகு அவர் மீனைத் தேடிப் போகவில்லை. டூரிஸ்டுகள் அவரைத் தேடி வந்தார்கள், வாயில் சுருட்டோடு அவர் சொன்ன கதையைக் கேட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். தூண்டிலே வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கும் ஆட்கள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ், ஹவாயின் கோனா, மெக்ஸிகோவின் காபோ சான் லூகாஸ் என்று ஊர்ப் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. படகுக்காரர் சொல்லும் வசனம் எல்லா ஊரிலும் ஒன்றே: "போன வாரம் வந்திருக்கணும் சார்!" மாறியது ஒன்று உண்டு. மார்லினைப் பிடித்ததும் பெரும்பாலும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வரவேற்பறைச் சுவர் சும்மா இருக்கலாமா? அதற்கும் கம்பெனிகள் உண்டு. மீனின் நீளம், சுற்றளவை அனுப்பினால் ஃபைபர் கிளாஸில் அச்சு அசலாகச் செய்து, பெயின்ட் அடித்து, பார்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஹெமிங்வே வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்த அதே பொம்மை மீன். அளவு நாடாவைப் பிடித்தது யார் என்று மட்டும் ஆர்டர் ஃபாரத்தில் யாரும் கேட்பதில்லை.